எந்த டிவி நல்லது என்று கேட்டாய்

அன்புள்ள மகனுக்கு, ஏர்பேட்டிலிருந்து நைனா எழுதுவது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன், மூட்டுவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் நான் சொல்ல வந்ததை நீ நிம்மதியாகக் கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாய். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, ஐதராபாத்தில் எட்டாவது மாடியில் புது வீடு பார்த்தாகிவிட்டது, ஹாலில் மாட்ட ஐம்பத்தைந்து இன்ச் டிவி வாங்க வேண்டும், இரண்டு கம்பெனி மனதில் இருக்கிறது, எது நல்லது என்று கேட்டாய். முப்பத்தைந்து வருஷம் டிவி விற்று, டிவி ரிப்பேர் பார்த்துச் சாப்பிட்டவனிடம் இதைக் கேட்டால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது என்று தெரிந்தேதான் கேட்டிருப்பாய். எனக்கும் நிற்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதோடு நீ போனை வைத்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. வைப்பதற்கு முன்னால் இன்னொன்று சொன்னாய். பவித்ராவுக்குத் தெலுங்கு தெரியாது, அரக்கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையையும் விட்டுவிட்டு வருகிறாள், நீ ஆபீசுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் சும்மாதான் இருப்பாள். "பெரிய டிவியா வாங்கி மாட்டிட்டா பாத்துக்கினே இருப்பா நைனா, லாங்வேஜ் தானா வந்துடும்" என்றாய். நான் சரி சரி என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் கவனம் அதிலேயே இருக்கும். செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். அலிபிரி போகிற ரோட்டில் புதிதாக ஒரு பெரிய ஷோரூம் வந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே மீன், ஒரே கிளி, ஒரே தேன்சொட்டு. அந்த மீனைக் காட்டியே பாதி ஜனத்தை ஏமாற்றுகிறார்கள். கம்பெனிக்காரர்களே எடுத்துக் கொடுத்த வீடியோ அது, அதைப் போட்டால் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும், பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து வைக்கிற மாதிரி. நான் சேல்ஸ்மேனிடம் மீனை நிறுத்திவிட்டுச் சாதாரண சேனலில் செய்தி போடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நானே ரிமோட்டை வாங்கி, கடைக்காக ஏற்றி வைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்து வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தேன், நீ சொன்ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். மனித முகத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் பரீட்சை. கிளி எந்தப் பச்சையாக இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, முகம் ஒரு துளி நிறம் மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். நீ முதலில் சொன்ன கம்பெனியில் படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் செய்தி வாசிக்கிற பெண் ரோஸ் பவுடரில் முங்கி எழுந்த மாதிரி இருக்கிறாள். இரண்டாவது கம்பெனி அடக்கமாக இருக்கிறது, முகம் முகமாக இருக்கிறது, கறுப்புத் தலைமுடி ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளாமல் இழை இழையாகப் பிரிந்து தெரிகிறது. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் இரண்டாவதில் நிறம் கொஞ்சம் வெளுக்கிறது, சோபாவை நேராகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

உழைப்பு எப்படி என்று இன்னும் தொழிலில் இருக்கிற இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டேன். முதல் கம்பெனியில் படத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற பின்லைட் பட்டைகள் சீக்கிரம் போகின்றன, ஆனால் சாமான் மறுநாளே கிடைக்கிறது. இரண்டாவது கம்பெனி சுலபத்தில் போகாது, போனால் போர்டு வருவதற்குள் பொறுமை போய்விடும் என்றார்கள். என் அனுபவத்தில் டிவியைக் கொல்வது கரண்டும் சூடும்தான், கம்பெனி இல்லை. சுவரோடு ஒட்டி மாட்டாதே, பின்னால் காற்றுப் போக இடம் விடு, ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. இரண்டாவதையே வாங்கு. நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இப்போது நீ கேட்காததைச் சொல்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எதுவரைக்கும் என்று பேசி முடித்துக் கோடு போட்ட காலத்தில் நான் கைக்குழந்தை. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நகரி இந்தப் பக்கம் நின்றது. நம் நிலம் நகரிக்குப் பக்கத்தில், உங்கம்மா பிறந்த ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில், நடுவில் சைக்கிளில் ஒன்றரை மணி நேரம். கோடு வந்துவிட்டதே என்று பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் யாரும் நிறுத்தவில்லை. ஆனால் பள்ளிக்கூடம், பட்டா, மனு எல்லாம் நம் பக்கத்தில் தெலுங்குக்கு மாறிவிட்டது. என் நைனாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஒரு மனு எழுதித் தர ஆள் கிடைக்காமல் தாலுகா கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்திக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குமாஸ்தா வெளியே வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார், குமாஸ்தா சொல்வது புரியாமல் தலையை ஆட்டுவார். எனக்குப் பிள்ளை பிறந்தால் அவன் இப்படிப் புரியாமல் தலையாட்டக் கூடாது என்று அந்த மரத்தடியில் ஒரு வெறி பிடித்தது. அந்த வெறிதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, நான் செய்த தப்புக்கும் அதுதான் காரணம்.

மெட்ராஸில் தொழிலும், கூடவே தமிழ் எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டு வந்து, போட்டி இல்லாத இடமாகப் பார்த்து ஏர்பேட்டில் கடை போட்டேன். நகரியில் இருந்திருந்தால் தெருவுக்குத் தெரு தமிழ் பேசுகிற சனம் இருந்திருக்கும். இங்கே சுற்றிலும் தெலுங்கு. உங்கம்மா கல்யாணமாகி வந்தபோது அவளுக்குத் தெலுங்கில் உப்பு கேட்கக்கூடத் தெரியாது. நான் காலையில் போனால் சாயங்காலம் வருவேன். கிராமம் கிராமமாக வண்டியில் போய் ஆன்டெனா கட்டுவேன், அந்த ஊர்களில் எனக்கு அவ்வளவு மரியாதை, எந்த வீட்டுக்குப் போனாலும் மோர் கொடுப்பார்கள். முதலில் நம் வீட்டு மாடியில் நாற்பது அடி குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சிக்னல், படம் சுத்தமாக இருக்காது, எந்நேரமும் புள்ளி பறந்துகொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்புவேன். உங்கம்மா கீழேயிருந்து போதும் வாங்க என்று கத்துவாள். "மழ பேஞ்சா மாதிரி கீது, பேச்சு நல்லா கேக்குது, அது போதாதா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம் போடுவார்கள், அன்றைக்கு மூன்று மணிக்கே வேலையை முடித்து, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவாள். யாரோ விருந்தாளி வருகிற மாதிரி.

திருப்பதியில் ஸ்டேஷன் வந்து தெலுங்கு நிகழ்ச்சிகள் தெளிவாக வர ஆரம்பித்தபோது ஊரில் ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின, திருப்பியவன் நான்தான். நம் வீட்டில் மட்டும் மெட்ராஸ் பக்கமே இருந்தது. அந்த வருஷம்தான் நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய். ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாய். பிள்ளைகள் உன்னை அரவோடு என்று கூப்பிடுகிறார்களாம். தமிழனை இந்தப் பக்கம் கேலியாகக் கூப்பிடுகிற பேர் அது, நான் சிறுவயதில் வாங்காததா. மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பையன் பாதித் தமிழில் பதில் சொல்கிறான், வீட்டில் தெலுங்கு பழக்குங்கள் என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குக் கச்சேரி வாசல் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கே கடையை மூடிவிட்டு வந்து மாடி ஏறி, குழாயைத் திருப்பதி பக்கம் திருப்பி, இனி யாரும் திருப்ப முடியாதபடி போல்ட் போட்டு முறுக்கினேன்.

இறங்கி வந்து டிவியைப் போட்டேன். ஒரு புள்ளி இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெட்ராஸ் இனிமேல் வராதா என்று கேட்டாள். "படம் எப்டி கீதுன்னு பாரு. கண்ணாடி மாதிரி கீது. பாத்துக்கினே இரு, தெலுங்கு தானா வந்துடும்" என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வாயில் என் வார்த்தை வந்ததைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உனக்குப் புரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு ஆன்டெனா கட்டி, டிவி பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தால் இந்தப் பக்கமும் பார்க்கலாம், அந்தப் பக்கமும் பார்க்கலாம். அரை நாள் வேலை. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று எத்தனை வீட்டுக்கு நானே அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்குக் கட்டவில்லை. மறந்துபோய் அல்ல. சுவிட்ச் இருந்தால் நீ தமிழ் பார்ப்பாய், அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்திருந்தால் நீ இந்தப் பக்கம் முழுசாக வரமாட்டாய் என்று யோசித்துத்தான் கட்டவில்லை. உங்கம்மாவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அப்புறம் நம் வீட்டு முன்னறையே எனக்கு ஷோரூம் ஆகிவிட்டது ஞாபகம் இருக்கிறதா? எப்போதும் இரண்டு கம்பெனி டிவி பக்கத்தில் பக்கத்தில் ஓடும். வாங்க வருகிறவர்களை உட்கார வைத்து, இந்தக் கம்பெனி பிக்சர் டியூப் எப்படி, அந்தக் கம்பெனியில் சிவப்பு எப்படி வழிகிறது, எது எத்தனை வருஷம் உழைக்கும் என்று விளக்குவேன். எல்லோருக்கும் உங்கம்மா காப்பி கொடுப்பாள். அவர்கள் தெலுங்கில் நன்றி சொல்வார்கள், அவள் சிரிப்பாள். அமைதியான பெண், வாயே திறக்கமாட்டாள் என்று என்னிடம் சொல்வார்கள். நானும் ஆமாம் என்பேன், பெருமையாக.

ஒரு நாள் மத்தியானம் ஒரு சாமான் எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். வாசலில் செருப்பை விடும்போது உள்ளே உங்கம்மா பேசுகிற சத்தம் கேட்டது. தமிழில் பேசுகிறாளே, அவள் ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. டிவியில் ஏதோ பேட்டி, டை கட்டிய ஒருவர் கேள்வி கேட்கிறார், எதிரில் ஒரு பெரியவர் பதில் சொல்கிறார், ஆனால் டிவியில் சத்தம் இல்லை. அவர்கள் வாய் அசைய அசைய இவள் பேசிக்கொண்டிருந்தாள். டை கட்டியவருக்குக் கொஞ்சம் கனமான குரல், பெரியவருக்கு அவள் குரல்.

"காலைலேர்ந்து இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது சார். புள்ள ஸ்கூலுக்குப் பூட்டான், அவரு கடைக்குப் பூட்டாரு. துணி தொவச்சேன்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு சார். நீங்க துன்னீங்களா?"

அந்த இடத்தில் ஒரு மனிதனாக நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ யோசித்துப் பார். நான் மெக்கானிக். சவுண்ட் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், ஸ்குரூ டிரைவரை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரைத் தொட்டுப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், முகம் சிவந்துபோயிருந்தது. "சவுண்டு நல்லாதான் கீது. நான்தான் கொறச்சி வெச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூடியை மாட்டினேன். சாமானை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவன் அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரிடம் அதைச் சொன்னேன். கம்பெனிக்கு விளம்பரம் மாதிரி சொன்னேன். படம் அவ்வளவு சுத்தம், சத்தமே இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் டிவி மனுஷங்களோடு பேச்சு நடக்கிறது, அவர்கள் சாப்பிட்டார்களா என்றுகூட விசாரிக்கிறாள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒரு டிவி விற்றது என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

கடையில் சொன்னது ஊரில் எங்கே நிற்கும்? நாலைந்து நாள் கழித்து குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனவளிடம், டிவி சார் இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று ஒருத்தி தெலுங்கில் கேட்க, மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அவளுக்குத் தெலுங்கு வந்துவிட்டிருந்தது. சாயங்காலம் நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். "நான் சொம்மா பேசிக்கினு இருந்தத கடைல போயி சொன்னீங்களா?" என்று கேட்டாள். தமாஷுக்குச் சொன்னேன், அதற்கென்ன இப்போ என்றேன். அவள் துண்டை நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் திட்டி, அதோடு முடிந்திருக்கும். மறுநாளிலிருந்து பகலில் டிவி ஓடவில்லை. அவளே பூ போட்டுத் தைத்த துணி உறை ஒன்று இருந்ததே, அதைப் போட்டு மூடி வைத்துவிடுவாள், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்துதான் எடுப்பாய். நானும் நல்லது, கரண்டு மிச்சம், டியூபும் நிறைய நாள் உழைக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிற்பாடு கேபிள் வந்தது. தமிழ்ச் சேனல் ஒன்றுக்குப் பத்தாக வந்தது, ஒரு புள்ளி இல்லாமல் வந்தது. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். நீங்க பாருங்க, எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குள் நீ அவளிடம் தெலுங்கில்தான் பேசுவாய், அவள் தப்பும் தவறுமாகத் தெலுங்கில் பதில் சொல்வாள், நீ சிரித்துக்கொண்டே திருத்துவாய். உன்மேல் குற்றமில்லை, நீ குழந்தை. நான் வளர்த்த விதம் அது. நானும் நீயும் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடும்போது அவள் மூன்றாவது தட்டில் சோறு போட்டுக்கொண்டு எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பாள். அப்படிப் பார்ப்பாள் என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போதும் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது முதல் வாரம் நீ லீவு போட்டுவிட்டு இருந்தாய், பிறகு கிளம்பிப் போனாய். நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் திருத்தணி பக்கத்து அம்மா ஒருவர் வந்து சேர்ந்தார். உங்கம்மாவைவிட ஏழெட்டு வயது பெரியவர், பூ வியாபாரம் செய்தவர். எந்த ஊர் என்று அவர் கேட்டார், இவள் சொன்னாள், அவ்வளவுதான், அணை திறந்த மாதிரி. மூன்று நாள் இரண்டு பேரும் பேசினார்கள். கிருத்திகைக்கு நடந்து போனது, ஏரியில் மீன் பிடித்தது, யார் வீட்டு மாடு யார் கொல்லையில் மேய்ந்தது, யார் யாரைக் கட்டிக்கொண்டது. உங்கம்மா நன்றாக ஆள்களைப் போலப் பேசிக் காட்டுகிறாள், அவள் ஊர் நாட்டாமை எப்படி இருமுவார் என்று காட்ட, அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், நர்ஸ் வந்து அதட்டுகிறாள். நான் கையில் இளநீரை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன், அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நாலாம் நாள் அந்த அம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு உங்கம்மா அதிக நாள் இல்லை.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எவ்வளவு நீளம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. வீட்டில் மூன்று டிவி இருக்கிறது, மூன்றும் நன்றாக ஓடுகிறது, ஒன்றுக்கும் ரிப்பேர் இல்லை. தெலுங்கு, தமிழ் எது வேண்டுமானாலும் எனக்குப் புரியும். புரிந்து என்ன, அதிலிருந்து யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை. நான் தனியாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல்லி உன்னை ஓடிவரச் செய்ய இதை எழுதவில்லை. நான் என் வயதில், என் ஊரில், பழகிய மனிதர்கள் நடுவில் தனியாக இருக்கிறேன். டீக்கடைக்குப் போனால் பத்துப் பேர் பேசுவார்கள். இதுவே எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதில், பேச ஒரு ஆள் இல்லாத ஊரில், புரியாத பேச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை இனி யாரிடம் சொல்லி என்ன.

யாராவது என்னிடம் வந்து உங்கம்மா எத்தனை கம்பெனி டிவி பார்த்தாள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன், எதில் எந்த வருஷம் என்ன சாமான் மாற்றினேன் என்பதுவரைக்கும் சொல்வேன். அவள் என்ன பார்க்க ஆசைப்பட்டாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. உனக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பவித்ரா அரக்கோணத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த பெண். அவளைக் கொண்டுவந்து எட்டாவது மாடியில் ஒரு டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, மொழி வந்துவிடும் என்று சொல்லாதே. மொழி வரும், எனக்குத் தெரியும். அது வருவதற்குள் என்னென்ன போகும் என்பதையும் பார்த்துவிட்டேன். அவள் வேலைக்குப் போக விரும்புகிறாளா, அங்கே தமிழ்ச் சனம் எங்கே இருக்கிறது என்று நீ விசாரித்தாயா, பகலில் ஒரு தடவை போன் பண்ண உன் ஆபீசில் பத்து நிமிஷம் கிடைக்காதா, ஐம்பத்தைந்து இன்ச் வேண்டுமென்று அவள் சொன்னாளா, நீயே முடிவு பண்ணினாயா? போனில் பேசும்போது நீ அவளைப் பற்றி நிறையச் சொன்னாய். அவள் சொன்னது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இன்னும் ஒரே விஷயம் பாக்கி இருக்கிறது. உனக்குத் தமிழ் பேசவரும், ஒரு எழுத்துப் படிக்க வராது. அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான். தெலுங்கில் எழுதியிருப்பேன், எனக்கு நன்றாகவே எழுத வரும், ஆனால் இரண்டு தடவை ஆரம்பித்தும் உங்கம்மாவைப் பற்றித் தெலுங்கில் எழுத எனக்குக் கை ஓடவில்லை. அதனால் இதை உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை, அரக்கோணத்துக்கு, பவித்ரா பேருக்கு அனுப்புகிறேன். நேற்று அவளுக்குப் போன் பண்ணி, என் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், நீதானம்மா அவனுக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும், அதில் என் வண்டவாளம் எல்லாம் இருக்கும், உன்னைப் பற்றியும் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். "எழுதுங்க மாமா, நான் படிச்சிக் காட்டறேன்" என்றாள். ஆகவே இவ்வளவு நேரமும் நீ கேட்டுக்கொண்டிருப்பது அவள் குரல். உங்கம்மா வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன், உனக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டு, அவள்மேல் காட்டாதே.

அம்மா பவித்ரா, இவ்வளவையும் வாசித்துத் தொண்டை காய்ந்திருக்கும். இதோடு மடித்து வைத்துவிடு. மகனே, இப்போது நீ அவளைக் கேள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாதே.

நைனா